தகடு, கரைப்பான், ஈரம்

ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஜே.கே. என்று டயர் ஆலைகள் நிற்கும் வட்டாரம் இது. ரப்பர் ஆய்வகத்தில் பெரிய கருவிகள் எத்தனை இருந்தாலும், நான் முதலில் எடுப்பது சிலிகா பூசிய டி.எல்.சி. (மென்படல வண்ணப்பிரிகை) தகட்டைத்தான்.

டயரின் பக்கச்சுவரைப் பொடியாக நறுக்கி, சாக்ஸ்லெட் சாறிறக்கியில் அசிட்டோன் விட்டு இறக்கினால் எண்ணெய், மெழுகு, ஸ்டியரிக் அமிலம், ரப்பரை ஓசோனிலிருந்து காக்கும் அமீன்கள் எல்லாம் கலந்து வரும். இந்தக் காப்புப் பொருள்களை டி.எல்.சி.யில் அடையாளம் காண ஐ.எஸ்.ஓ. 4645 என்ற தரநிலையே உண்டு.

ஹெக்சேனில் ஓட்டினால் எண்ணெய் மேலே ஏறிவிடும். அமீன்கள் அடியிலேயே கிடக்கும். சிலிகாவின் ஹைட்ராக்சில் தொகுதிகள் அவற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்கின்றன. டொலுவீனுக்கு மாறினால் அமீன்கள் நகரும், பிரியும். 6பிபிடி, ஐபிபிடி என்ற இரண்டு அமீன்களிலும் அதே வளையங்கள், அதே இரண்டு நைட்ரஜன். 6பிபிடியில் கரிமச் சங்கிலி மட்டும் சற்றுப் பெரியது. அந்த வித்தியாசத்துக்கே அது ஒரு படி மேலே நிற்கும். அந்தச் சின்ன இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். அவசரப்பட்டு எத்தில் அசிடேட்டைக் கூட்டினால் அது சிலிகாவின் இடங்களைத் தானே பிடித்துக்கொள்ளும். இரண்டு அமீன்களும் சேர்ந்தே மேலேறி இடைவெளி போய்விடும்.

செயற்கை ரப்பரோடு வரும் பி.எச்.டி. (BHT) என்ற காப்புப் பொருளில் ஹைட்ராக்சில் இருக்கிறது, ஆனாலும் கீழே தங்காது. ஹைட்ராக்சிலின் இருபுறமும் பருத்த பியூட்டைல் தொகுதிகள் காவல் நிற்பதால் சிலிகா அதை நெருங்க முடிவதில்லை. வாய்ப்பாட்டைப் பார்த்து மட்டும் முனைவுத்தன்மையை முடிவுசெய்யக் கூடாது என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுவேன்.

அமீன் புள்ளி வால் விட்டால் சிலிகாவின் அமிலத்தன்மைதான் காரணம். கரைப்பானில் துளி அம்மோனியா போதும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் இன்னொரு தலைவலி. காற்றின் ஈரம் சிலிகாவில் ஏறி உட்கார்ந்துகொள்ள, பிடிப்பு தளர்ந்து எல்லாப் புள்ளியும் உயரே போகும். அலுமினாவைத் தரம் பிரிக்கும் பிராக்மன் அளவுகோலில் பிடிப்பு 1-ஆம் தரத்திலிருந்து 5-க்கு இறங்குவதும் நீர் சேரச் சேரத்தான். தகட்டை 110 டிகிரியில் அரைமணி நேரம் வைத்து எடுத்தாலும், மழைநாளில் வெளியே வைத்த சில நிமிடங்களில் மறுபடி ஈரம் ஏறும். அதனால் தெரிந்த மாதிரியை அதே தகட்டில் பக்கத்தில் வைக்காமல், புள்ளி ஏறிய தூரத்தைச் சொல்லும் ஆர்.எஃப். எண்ணை மட்டும் நம்பி நான் அறிக்கையில் கையெழுத்துப் போடுவதில்லை.