மல்லையில் ஒரு பந்தாட்டம்

மாமல்லபுரத்தில் ஒரு பந்து இருக்கிறது. சுமார் 20 அடி உயரம். எடை 250 டன் என்கிறார்கள். கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து என்று அதற்குப் பெயர். சரிவான பாறையின்மேல், 'இதோ உருளுகிறேன், அதோ உருளுகிறேன்' என்று பார்ப்பவர்களைப் பயமுறுத்திக்கொண்டு, பல்லவர் காலத்துக்கு முன்பிருந்தே உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. 1908-ல் கவர்னர் லாலி துரை ஏழு யானைகளை விட்டு இழுக்கச் சொன்னாராம். யானைகள் களைத்ததுதான் மிச்சமாம். ஊரில் இன்றும் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

அந்தப் பந்தின் நிழலில் நின்றுகொண்டு, "கோல்ப் ஆடத் தோதான ஊர்தான்! பந்துகூடத் தயாராக இருக்கிறதே!" என்றார் அத்தான்.

அக்கா சிரிக்கவில்லை. காரணம் இருந்தது.

என் அத்தான் துபாயில் பதினாறு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். என்ன உத்தியோகம் என்கிறீர்களா? புல் வளர்க்கும் உத்தியோகம்! நம் ஊரில் யாரையாவது பார்த்து, "நீ என்ன புல்லா பிடுங்கிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அத்தானோ புல்லை நட்டார், வெட்டினார், பிடுங்கினார். அதற்கு மாதம் தவறாமல் சம்பளமும் வாங்கினார். கடலோரத்துப் பாலைவனத்தில், வெறும் மணல்மேல், பச்சைக் கம்பளம்போல ஒரு கோல்ப் மைதானம். அதைப் பச்சையாக வைத்திருப்பதே அவர் வேலை.

இப்போது ஊரோடு வந்துவிட்டார். வந்ததும் ஒரு சிநேகிதர் பிடித்துக்கொண்டார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக 25 ஏக்கர் மணல் பூமி. அதில் உல்லாசப் பிரயாணிகளுக்குக் குடில்கள். நடுவே சின்னதாக 9 குழி கோல்ப் மைதானம். பணம் போட்டால் பங்கு; புல் வளர்ப்பு அத்தான் பொறுப்பு. பதினாறு வருஷத்துச் சேமிப்பை அதில் போடுவதா, வேண்டாமா? இந்தக் கேள்வி மூன்று மாதமாக வீட்டில் ரசத்தோடும் மோரோடும் பரிமாறப்பட்டு வந்தது. "இடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அக்கா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதனால்தான், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அக்கா, அத்தான், அவர்கள் பையன், நான், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை ஆகிய ஐவரும் சென்னையிலிருந்து காரில் கிளம்பினோம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போவது சுகமான பிரயாணம். இடது பக்கம் சவுக்குத் தோப்புகளின் இடைவெளியில் கடல் எட்டிப் பார்க்கும். வலது பக்கம் பக்கிங்காம் கால்வாய் கூடவே வரும். கோவளம் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் நெம்மேலி. அங்கே, கடல் நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. முதலாவது 2013-ல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். இரண்டாவது 2024-ல் திறக்கப்பட்டது. 15 கோடி லிட்டர். இவை போதாதென்று, பக்கத்துப் பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஒரு நிலையம் கட்ட 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள்.

"இங்கே காய்ச்சி வடிக்கிறார்களா?" என்றாள் அக்கா.

"காய்ச்சுவதில்லை. மெல்லிய சவ்வு வழியாகக் கடல் நீரை அழுத்தித் தள்ளுவார்கள். நல்ல தண்ணீர் அந்தப் பக்கம் போகும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். 1000 லிட்டர் எடுக்க மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். உள்ளே போவதில் பாதிக்கு மேல் இன்னும் உப்பேறிக் கடலுக்கே திரும்பிவிடும்" என்றார் அத்தான். "துபாயில் எங்கள் புல் குடித்ததும் இந்த மாதிரித் தண்ணீர்தான்."

"புல்லுக்கா!" என்று அக்கா வாயடைத்துப் போனாள். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவள் அவள். 2019-ஆம் வருஷத்துக் கோடையை எந்தச் சென்னைக் குடும்பஸ்திரீதான் மறப்பாள்?

கோல்ப் என்றால் என்னவென்று கேட்கும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. சின்னஞ்சிறு பந்து ஒன்று. வளைந்த கழி ஒன்று. தூரத்தில் ஒரு குழி. பந்தை அடித்து அடித்துக் கொண்டுபோய்க் குழியில் விழச் செய்யவேண்டும். இப்படி 18 குழிகள். மிகக் குறைந்த அடியில் முடித்தவருக்கே ஜயம். அதாவது, செலவு குறைந்தால் வெற்றி! குடும்பம் நடத்துகிற பெண்களுக்குப் பழக்கமான ஆட்டம்தான்.

ஆட்டம் வளர்ந்த இடம் ஸ்காட்லாந்து. அங்கே கடலுக்கும் வயலுக்கும் நடுவே, உழவுக்கு உதவாத மணல்மேடு உண்டு. அடிக்கடி மழை தூறும். புல் தானாக முளைக்கும். ஆடு மேய்ந்து அதை ஒட்ட வெட்டிவிடும். தோட்டக்காரனும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். 18 குழி என்ற கணக்குகூட 1764-ல் அந்நாட்டு செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஏற்பட்டதுதான். வெள்ளைக்காரர் போன இடமெல்லாம் ஆட்டமும் போயிற்று. 1829-ல் கல்கத்தாவில் கிளப் ஏற்பட்டது. சுதந்திரத்துக்கு முன்பே சென்னையில் கிண்டிக்கும் நந்தனத்துக்கும் கோல்ப் வந்துவிட்டது. ஆட்டம் கப்பலேறி வந்தது. ஸ்காட்லாந்து மழை வரவில்லை.

பாலைவனத்துக்காரர்கள் முதலில் புத்திசாலித்தனமாகவே ஆடினார்கள் என்றார் அத்தான். புல்லே கிடையாது, மணல்தான் மைதானம். குழியைச் சுற்றி மணலில் எண்ணெய் தெளித்து இறுக்கிவிடுவார்கள். ஆடுகிறவர் கையோடு ஒரு துண்டுப் பாய் கொண்டுபோய், அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார். பிறகு 1988-ல் துபாயில் எமிரேட்ஸ் கிளப்பார் முழுதும் புல் போர்த்திய மைதானத்தைத் திறந்தார்கள். பார்த்தவர்கள் பிரமித்தார்கள். அதன்பிறகு வளைகுடா நாடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை மைதானங்கள் தோன்றின.

"கோடை நாளில் ஒரு பெரிய மைதானம் எவ்வளவு குடிக்கும்?" என்று கேட்டேன்.

"தினம் பத்துப் பதினைந்து லட்சம் லிட்டர் சாதாரணம். அதற்கு மேலும் போகும்."

அக்கா மனத்துக்குள் குடக்கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. பேசவில்லை.

சாளுவன்குப்பத்தில் புலிக் குகையைப் பார்க்க இறங்கினோம். குகைக்கு அருகிலேயே இன்னோர் அதிசயம். 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது, கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளியே தெரிந்தது. தொல்பொருள் இலாகாவினர் அங்கே தோண்டினார்கள். மணலுக்கடியில் செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் இருந்தது! பல்லவர் காலத்துக்கும் முற்பட்ட செங்கல் கட்டடம் அது என்கிறார்கள். இந்தக் கரையில் மணல் எதையும் விழுங்கும். விழுங்கியதை ஜாக்கிரதையாக வைத்தும் இருக்கும்.

மத்தியானம் கடற்கரைக் கோயில். ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்தது. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சிவனுக்கு இரண்டு சந்நிதி. நடுவில் பள்ளிகொண்ட பெருமாள். கோயிலைச் சுற்றி அழகான புல்தரை போட்டிருக்கிறார்கள். காற்றோடு வரும் மணலைத் தடுக்கச் சவுக்கு மரங்கள். அலையைத் தடுக்கப் பாறைக் கற்கள். இத்தனை காவல் இருந்தும் உப்பு விடுவதில்லை. சிங்கங்களின் முகமும் மூக்கும் தேய்ந்து மழுங்கியிருப்பதைப் பாருங்கள்! கல்லில் ஊறிய உப்பை எடுக்க, காகிதக் கூழைச் சுவரில் அப்பி, அது உப்பை உறிஞ்சியபின் உரித்து எடுப்பார்களாம். தலைவலிக்குப் பற்றுப் போடுவோமே, அதுமாதிரி.

"கல்லையே தின்கிற உப்பு, கிணற்றை விடுமா?" என்றாள் அக்கா.

அந்தக் கேள்வியோடுதான் சிநேகிதரின் 25 ஏக்கருக்குப் போனோம்.

போங்கள், என்ன இடம் அது! மூன்று பக்கமும் சவுக்கு, எதிரே கடல். மணல்மேடு முழுவதும் அடும்பங்கொடி ஓடி, ஊதா நிறத்தில் பூத்திருக்கிறது. ஆங்காங்கே முள்முள்ளாக 'இராவணன் மீசை' என்ற புல். வேர்விட்டு மணலைப் பிடித்து வைத்திருப்பவை இவை இரண்டும்தான். யாரும் நட்டதில்லை, யாரும் ஒரு சொம்பு தண்ணீர் வார்த்ததில்லை.

அத்தான் மணலில் உட்கார்ந்து விரலால் ஒரு படம் போட்டார். "இங்கே அடியில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கிக் கடல் நீரின்மேல் மிதக்கிறது."

"வற்றல் குழம்பின்மேல் எண்ணெய் மிதப்பதுபோலவா?" என்றாள் அக்கா.

"அதேதான். நல்ல தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் கனம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடிவரை நல்ல தண்ணீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சு இஞ்சினியர் ஒருவர் கண்டுபிடித்த கணக்கு இது."

"மேலே ஓர் அடியை இறைத்துவிட்டால்?"

அத்தான் உடனே பதில் சொல்லவில்லை. விரலால் கீழ்க்கோட்டை அழித்து, மேலே இழுத்தார். "காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும்" என்றார்.

சவுக்குத் தோப்பின் ஓரத்தில் ஒரு கிழவி ஊற்றுத் தோண்டியிருந்தாள். இடுப்பளவு பள்ளம், அடியில் இரண்டு சாண் தண்ணீர். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வாங்கிக் குடித்துவிட்டு, "இளநீர் மாதிரி இருக்கிறதே, ஆயா!" என்றாள்.

"இப்ப இனிக்குது, கண்ணு. சுனாமி வந்துட்டுப் போன அப்புறம் வாயில வைக்க முடியல. ரெண்டு மழைக்காலம் பேஞ்சு கழுவினப்புறந்தான் நல்ல தண்ணியாச்சு" என்றாள் கிழவி. "மேல இருக்கறத மொண்டுக்கணும். ஆழமாத் தோண்டினா உப்பு வந்துடும். எங்க அம்மா சொல்லிக் குடுத்தது."

டச்சு இஞ்சினியரின் கணக்கு எனக்கு அப்போதுதான் நன்றாக விளங்கிற்று!

"சவுக்குக்கு?" என்று கேட்டார் அத்தான்.

"கன்னா இருக்கறப்ப ரெண்டு வருசம் குடத்தால ஊத்தணும். அப்புறம் அதும்பாட்டுக்கு வளந்துக்கும். நீங்க என்னா வைக்கப் போறீங்க?"

"புல்" என்றார் அத்தான், கொஞ்சம் தயக்கத்தோடு.

"மாட்டுக்கா?"

"இல்லை... பந்து ஆட."

கிழவி அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். பதில் சொல்லாமல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அத்தான் நல்ல மனிதர். தொழில் தெரிந்தவரும்கூட. திரும்பும்போது அவரே வழக்கை இரண்டு பக்கமும் வாதித்தார். உப்பு நீரைத் தாங்குகிற பாஸ்பாலம் என்ற கடலோரப் புல் இப்போது வந்திருக்கிறது. ஆனால் உப்பு தங்காமல் கழுவ அதற்கும் அவ்வப்போது நல்ல தண்ணீர் வேண்டும். சாக்கடை நீரைச் சுத்தம் செய்து பாய்ச்சலாம். வளைகுடாவில் இப்போது பல மைதானங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் 25 ஏக்கர் மணல்வெளியில் அவ்வளவு சாக்கடைக்கு எங்கே போவது? இங்கே மழையில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். பங்குனி முதல் ஆடி வரை புல்லுக்கு யார் வார்ப்பது? கடைசியில் கிணற்றில் மோட்டார் வைக்கத்தான் வேண்டிவரும்.

"துபாயில் கடலிலிருந்து எடுத்தோம். பணம்தான் செலவு. இங்கே எடுத்தால் அந்த ஆயாவின் குடத்திலிருந்து எடுக்கவேண்டும்" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நாங்கள் ஊற்றங்கரையில் பேசிக்கொண்டிருந்தபோது, பையன் கடற்கரையில் குதித்துக்கொண்டிருந்தான். இராவணன் மீசை காய்த்து முற்றியதும், அதன் கதிர் முள்பந்தாகக் கழன்று காற்றில் உருண்டு ஓடும். அப்படி ஓடிய பந்து ஒன்றைச் சவுக்குக் குச்சியால் தட்டிக்கொண்டே துரத்தினான். நண்டு வளைகளைத் தாண்டி, அடும்பங்கொடியைத் தாண்டி, பந்து ஒரு பள்ளத்தில் போய் விழுந்தது. "அப்பா! குழியில் விழுந்துவிட்டது!" என்று அவன் போட்ட கூச்சலில் கட்டுமரத்தோரம் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

புல் இல்லை, தண்ணீர் இல்லை, சந்தாவும் இல்லை. ஆனால் ஆட்டம் நடந்துவிட்டது!

இரவு வீடு திரும்பியதும் சிநேகிதரிடமிருந்து போன் வந்தது. அக்கா தோசை வார்ப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"குடில் கட்டலாம், சவுக்கு வைக்கலாம். அடும்பங்கொடி இருக்கிறபடி இருக்கட்டும். கோல்ப் மட்டும் வேண்டாம்" என்றார் அத்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ பலமான ஆட்சேபம். "அப்படியானால் என் பங்கை விட்டுவிடுங்கள்" என்று சொல்லிப் போனை வைத்தார். முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்தது. பதினாறு வருஷத்து வித்தையல்லவா?

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இன்னொரு தோசை போட்டாள். மாடித் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறாள். மறுநாள் முதல் அதற்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அத்தானுடையது. அரிசி கழைந்த தண்ணீர்தான் ஊற்றவேண்டும் என்பது அக்காவின் உத்தரவு.