கல்முனைக் கரையில் ஹனிபல்

சதுரங்கப் பலகையில் வெட்டுண்ட யானை மறுநாட் காலை மீண்டும் தன் கட்டத்தில் எழுந்து நிற்கும். ஆடுபுலி ஆட்டத்திற் புலியின் வாய்ப்பட்ட ஆடுகள் அடுத்த ஆட்டந் தொடங்குமுன் உயிர்பெற்றுவிடும். போரை மனிதன் விளையாட்டாக்கிக்கொண்ட நாள்தொட்டு இச்சலுகை அதனுடன் ஒட்டியே வந்துள்ளது. பலகைப் போருக்கு மறுநாள் என ஒன்றில்லை. அந்த மறுநாளையும் ஆட்டத்துக்குள் அழைத்துவர முயன்றோர் சிலர் உளர். அத்தகையதொரு முயற்சி சாய்ந்தமருதில், ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர் ஒருவரது வீட்டு விறாந்தையில், 2012 தொடங்கி நான்கு மாரிகாலம் நடைபெற்றது.

இவ்வகை ஆட்டம் பிறந்த இடம் நெடுந்தொலைவு. 1824இல் பிரஷ்யப் படையதிகாரி ரைஸ்விட்ஸ், நிலப்படத்தின்மீது கட்டைகளை நகர்த்திப் படைத்தலைவரைப் பயிற்றும் ஆட்டமொன்றின் விதிகளை வெளியிட்டார். 1913இல் எச். ஜீ. வெல்ஸ் அவ்வெண்ணத்தைப் பொம்மைச் சிப்பாய்களுடன் வீட்டுத் தரைக்கு இறக்கினார். சிலமுறை இதனை ஆடிப் பார்ப்பவனுக்கு உண்மைப் போர் எத்துணை மடமை நிறைந்தது என்பது விளங்கிவிடும் என்ற கருத்தையும் அந்நூலிலேயே எழுதிவைத்தார். அடுத்த ஆண்டே ஐரோப்பா பற்றியெரிந்தது. 1950களிலிருந்து நிலப்படம் அச்சிட்ட பலகைப் போராட்டங்கள் அமெரிக்காவிற் கடைக்கு வந்தன. பொம்மைப் படை வைத்திருந்தோர் இவ்விரண்டையும் இணைத்தனர். பலகையிற் படைகள் ஊர்விட்டு ஊர் நகரும். இரு படைகள் ஓரிடத்திற் சந்தித்தால் மேசையிற் பொம்மைகளை நிறுத்திப் பொருதுவர். எஞ்சியோர் தொகை மீண்டும் பலகைக்குச் செல்லும். மேசையில் இறந்தவன் பலகையிலும் இறந்தவனே. இதுவே போர்த்தொடர் ஆட்டத்தின் உயிர்நிலை.

சாய்ந்தமருது ஆசிரியர் பொலிபியஸ், லிவி ஆகியோரை ஆங்கில மொழிபெயர்ப்பிற் பலமுறை படித்தவர். இலண்டனில் வாழும் மருமகன் விடுமுறையில் வந்தபோது கொணர்ந்து கொடுத்த பலகையாட்டமே எல்லாவற்றுக்கும் தொடக்கம். 1996இல் அவலோன் ஹில் நிறுவனம் வெளியிட்ட அது, உரோமுக்கும் கார்த்தேஜுக்கும் கி.மு. 218 முதல் 201 வரை நடந்த இரண்டாம் பியூனிக் போரைப் பற்றியது. இத்தாலி, ஸ்பெயின், ஆபிரிக்கா, சிசிலி என விரியும் நிலப்படத்தில் ஊர்கள் புள்ளிகளாகவும் வழிகள் கோடுகளாகவும் அமைந்திருக்கும். எந்த ஊர் எவர் ஆளுகையில் உள்ளது என்பதைச் சிறு வில்லைகள் காட்டும். நமது வட்டைகளின் வரம்புப் படத்தைப் பார்த்துப் பழகியவர்க்கு அது அத்துணை அந்நியமாகத் தோன்றாது.

ஆடவந்தோர் மூவர். நிந்தவூரில் வாப்பாவுடன் வயல் செய்யும் இளைஞர் ஒருவர் கார்த்தேஜை ஏற்றார். மருதமுனை நெசவுக் குடும்பத்தில் வந்த எழுதுவினைஞர் ஒருவர் உரோமானார். மூன்றாமவர் காரைதீவைச் சேர்ந்த கணித ஆசிரியர். கப்புவா, சிரக்கியூஸ், நுமிடியா முதலிய கூட்டாளிகளின் மனத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். எப்போது யார் பக்கம் மாறுவது என்ற முடிவு முழுவதும் அவர் கையில். ஒரு கணக்காசிரியரிடம் நன்றிகெட்டோரின் பொறுப்பைக் கொடுத்தது வீட்டுக்காரரின் குறும்பு எனலாம். வீட்டுக்காரர் நடுவர். வெள்ளிக்கிழமைகளில் இஷாத் தொழுகையின் பின் ஆட்டம் கூடும்.

முதற் சிக்கல் பகடையால் வந்தது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ சட்டநெறியைப் பின்பற்றுவோர். அந்நெறியில் சதுரங்கம் பணயமின்றியும் தொழுகை தவறாமலும் ஆடப்படின் வெறுக்கத்தக்கது என்ற அளவோடு நிற்கும். பகடை உருட்டி ஆடும் நர்த் என்னும் ஆட்டமோ நபிமொழியிற் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அவ்வூர் மௌலவி ஒருவரிடம் கேட்டபோது, மூளையால் ஆடுங்கள், பகடையை விட்டுவிடுங்கள் என்றாராம். பொம்மைகளுக்கும் தடை வந்தது. ஆனால் அது மார்க்கத்தால் அன்று, விலையால். ஒரு படைக்கு வேண்டிய ஈயப் பொம்மைகளை வரவழைக்கும் காசுக்கு ஓர் ஏக்கருக்கு வேண்டிய உரம் வாங்கலாம் என்று நிந்தவூர் இளைஞர் கணக்குச் சொன்னார்.

எனவே பகடையும் பொம்மையும் இன்றிப் போரிடும் வழியை உரோமரிடமே கடன்வாங்கினர். லத்ரன்குலி என்றொரு போராட்டம் உரோமரிடம் வழங்கியது. அதன் முழு விதிகள் இன்று கிடைத்தில. ஆயினும் ஒரு காயை இருபுறமும் இரு பகைக்காய்கள் அடைத்தால் அது பிடிபடும் என்பது இலத்தீன் பாடல்களிலிருந்து தெரியவருகின்றது. இங்கிலாந்தில் கொல்செஸ்டருக்கு அருகே 1996இல் அகழப்பட்ட முதலாம் நூற்றாண்டுக் கல்லறையொன்றில், பலகையொன்றும் பக்கத்துக்குப் பதின்மூன்றாக வெள்ளையும் நீலமுமான கண்ணாடிக் காய்களும், யாரோ ஆட்டத்தைத் தொடங்கிவிட்டு எழுந்து போனாற்போல் அடுக்கியபடியே கிடந்தன. லத்ரன்குலி பற்றிய சான்றுகள் ஹனிபலின் காலத்துக்குப் பிற்பட்டவை என்பதை நடுவர் அறிவார். அறிந்தும் ஏற்றார்.

உரோமக் காலாட்படைக்குப் புளியங்கொட்டை, கார்த்தேஜ்ப் படைக்கு மஞ்சாடி, குதிரைக்குச் சட்டைப் பொத்தான், யானைக்குச் சோழி. காலாள் ஒரு கட்டமே நகரும், குதிரை நேர்கோட்டில் எத்துணை தூரமும் ஓடும் என்று விதித்துக்கொண்டனர். மாரியைத் தன் ஆளுகையில்லாத ஊரிற் கழிக்கும் படை நான்கில் ஒரு பங்கை இழக்கும் என்பதும் விதி. பகடை நீங்கியதால் ஒரு குறை நேர்ந்ததை மறைப்பதற்கில்லை. புயலில் மூழ்கும் கப்பலுக்கும், வழிதவறும் தூதனுக்கும் இவ்வாட்டத்தில் இடமற்றுப்போயிற்று. போர் இருப்பதைவிடச் சற்று நீதியானதாகத் தோற்றம் பெற்றது.

முதலாண்டு முழுவதும் மஞ்சாடியின் வெற்றி. ரோன் ஆற்றங்கரையில் 37 யானைகளை வைத்திருந்த ஹனிபல், திரேபியாப் போரின் பின்னான குளிரில் ஒன்றொழிய யாவற்றையும் இழந்தான் என்பது வரலாறு. இங்கும் சோழிகள் விரைவிலேயே தீர்ந்தன. ஆயினும் பொத்தான்கள் எஞ்சின. கன்னே வந்தது. கி.மு. 216இல் அவ்வெளியில் ஹனிபலின் நடுவணி பின்வாங்க, இரு பக்கத்து ஆபிரிக்கரும் உள்நோக்கித் திரும்ப, குதிரைப்படை முதுகுப்புறத்தை அடைத்தது. இருபுறமும் பகை நின்றால் இறப்பு என்ற சிறு விதி, கன்னேயை எவரும் திட்டமிடாமலே மேசையிற் படைத்துக் காட்டியது. அன்றிரவு புளியங்கொட்டைகள் குவியலாக அகற்றப்பட்டன. உண்மைக் கன்னேயில் மாண்ட உரோமர் தொகையை லிவி ஏறத்தாழ 48,000 என்பார்; பொலிபியஸ் 70,000 வரை கொண்டுசெல்வார்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த வீட்டுக்கார அம்மையார் அக்குவியலைச் சற்றுநேரம் நின்று பார்த்தார். கடற்கரை வீட்டிலிருந்த தங்கையை 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடலுக்குக் கொடுத்தவர் அவர்.

"இதில மௌத்தாப் போனவங்கள எங்க வெக்கிறீங்க?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. வீட்டுச் சாமான் ஒன்றை எங்கே வைப்பது என்று கேட்கும் தொனியே அதில் இருந்தது. அதுவரை இறந்த காய்கள் பழைய பிஸ்கற் பெட்டிக்குள் மற்றவற்றோடு கலந்து கிடந்தன. புதுப்படை திரட்டும்போது அவையே திரும்பி வந்தன. மறுவாரம் மேசையருகே வாயகன்ற போத்தல் ஒன்று இருந்தது. இறந்த கொட்டை அதற்குள் போகும், திரும்பாது. புதிதாகச் சேரும் உரோமருக்கு வேப்பங்கொட்டை என்று விதி திருத்தப்பட்டது. கன்னேயின் பின் உரோமர் பதினேழு வயது நிரம்பாத சிறுவரைச் சேர்த்தனர், அரச செலவில் 8,000 அடிமைகளை வாங்கிப் படையில் நிறுத்தினர் என்று லிவி கூறுவதை ஆசிரியர் நினைவூட்டினார். கொட்டையின் நிறமும் பருமனும் மாறியதும் அச்செய்தி வேறொன்றாகிவிட்டது. ஓரணியில் எத்தனை புளி, எத்தனை வேம்பு என்பதைப் பார்த்த அளவிலே அந்நாடு எதனை இழந்துள்ளது என்பது புலனாயிற்று.

இங்கிருந்தே ஆட்டம் உண்மையிற் சுவைத்தது. தனிப்போராக ஆடுவோர்க்குக் கன்னே ஒரு முடிவு. போர்த்தொடரிலோ அதன் மறுநாள் காலையில் ஹனிபலின் முன் ஒரு வினா நிற்கின்றது: இனி எங்கே போவது? உரோம் தன் மதிலுக்குள் இருந்தது. கப்புவா பக்கம் மாறியது. கணக்காசிரியர் அதை மகிழ்வோடு அறிவித்தார். ஆனால் இலத்தீன் ஊர்கள் அசையவில்லை. கி.மு. 225இல் உரோமும் அதன் கூட்டாளிகளும் திரட்டக்கூடிய ஆள்தொகையைக் காலாள் 7,00,000, குதிரை 70,000 எனப் பொலிபியஸ் கணித்துள்ளார். மாரி வந்தது, மஞ்சாடியில் நான்கில் ஒரு பங்கு போரின்றியே போத்தலுக்குப் போனது. கன்னேக்கு முந்திய ஆண்டில் பேபியஸ் வகுத்த வழியை மருதமுனைக்காரர் இப்போது பற்றிக்கொண்டார்: போரிடாமற் பின்தொடர்வது, விளைச்சலை மறிப்பது. அது வீரமாகத் தோன்றாது. ஆடுவதற்கும் அலுப்பானது. ஆனால் வென்றது அதுவே.

நிந்தவூர் இளைஞர் ஒருநாள் பலகையை நெடுநேரம் நோக்கியிருந்துவிட்டுச் சொன்னார்: "சேர், வெண்ட ஆள் நான். ஆனா சோறு அவன்ட பக்கம்தானே இரிக்கி."

இதனை உணர அவருக்கு நூல் தேவைப்படவில்லை. இக்கரையோர ஊர்கள் கடலுக்கும் நெல்வெளிக்கும் இடையே ஒடுங்கிக் கிடப்பவை. வீடு கிழக்கே, வயல் மேற்கே. 2009இல் முடிந்த போரின் காலத்தில் மேற்கு வட்டைகளுக்குப் போக முடியாமற் பெரும்போகத்தைக் கைவிட்ட முஸ்லிம் விவசாயிகள் பலர். எந்தப் படை எந்தச் சமரில் வென்றது என்பதைவிட, வாய்க்காலிற் தண்ணீர் வருமா, களவெட்டிக்குப் போகும் பாதை திறக்குமா என்பவையே அவ்வீடுகளிற் பேசப்பட்டன. அந்நாட்களில் அவர் சிறுவன்.

கன்னேயின் பின் ஹனிபல் கர்த்தாலோ என்னும் தூதனை உரோமுக்கு அனுப்பினான். உரோமர் அவனை உள்ளே விடவில்லை, சிறைப்பட்ட தம்மவரை மீட்கவும் பணம் கொடுக்க மறுத்தனர். இளைஞரும் சமாதானம் கேட்டார். "விதியில இல்ல" என்று உரோம் மறுத்தது. சொல் தடித்தது. இரு வாரம் ஒருவர் வரவில்லை. மூன்றாம் வாரம் காரைதீவு ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். பின்னர் நடந்தவற்றில் விரித்துரைக்க அதிகமில்லை: சிரக்கியூஸ் வீழ்ந்தது, கப்புவா வீழ்ந்தது, தம்பியின் உதவிப்படை வரலாற்றிற் போலவே வழியில் அழிந்தது.

ஸாமாப் போர் ஆடப்படவில்லை. நான்காம் மாரியின் நடுவில் இளைஞருக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. பலகையில் அப்போது கி.மு. 204. இத்தாலியின் தென்முனையில், புரூத்தியத்தில், ஹனிபலிடம் ஒன்பது மஞ்சாடியும் இரண்டு பொத்தானும் இருந்தன. அவை அவ்வாறே ஒரு கடிதவுறையில் இடப்பட்டு மேலே திகதி எழுதப்பட்டது.

இரண்டாண்டு கழித்து, வேறு மாணவர் சிலர் புதிதாக ஆடவேண்டுமென்று வந்தனர். புளியங்கொட்டை வேண்டியிருந்தது. போத்தல் அலுமாரியின் மேல் நிறைந்தே இருந்தது. ஒருவன் அதனை எட்டி எடுத்தான். ஆசிரியர் அதை வாங்கி மீண்டும் மேலே வைத்துவிட்டு, உள்ளே திரும்பி, அடுத்த முறை புளி கரைக்கும்போது கொட்டையை எறியவேண்டாம் என்று மனைவியிடம் சொன்னார்.