தரத்தை ஒருமுறை சொன்னால் போதும்

முந்திரிப் பருப்பில் 'டபிள்யூ 320' என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும். 240 என்றால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். பண்ருட்டி முந்திரி வியாபாரிகளுக்கு இது மனப்பாடம். அவர்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் நான், இந்த விதி நிரலிலும் ஒரே இடத்தில், கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

நான் எழுதுவது பெர்ல் மொழியில். 1994-இல் வந்த பெர்ல் 5 ஆப்ஜெக்ட்டுகளைத் தந்தது, வசதிகளைத் தரவில்லை. சாவிக்கு ஒரு மதிப்பு என வைத்திருக்கும் ஒரு ஹாஷை 'பிளெஸ்' செய்து வகுப்போடு சேர்த்தால் அதுதான் ஆப்ஜெக்ட். கன்ஸ்ட்ரக்டர், மதிப்பைப் படிக்கும் மெத்தட், சரிபார்ப்பு எல்லாம் நம் பாடு. ஹாஷின் சாவியில் ஓரெழுத்து பிசகினாலும் பெர்ல் தடுக்காது. புதுச் சாவி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். தரமே இல்லாத சரக்கு பில் வரைக்கும் போய்விடும்.

2006-இல் ஸ்டீவன் லிட்டில் உருவாக்கிய மூஸ் என்ற பெர்ல் தொகுதி இந்தச் சுமையை இறக்கியது. 'ஹேஸ்' என்று தொடங்கி, தரம் கட்டாயம், இந்தப் பட்டியலில் ஒன்றாக இருக்க வேண்டும், பிறகு மாற்றக் கூடாது என்று அறிவித்தால் போதும். மீதியை மூஸ் பார்த்துக்கொள்ளும். தப்பான தரத்தோடு ஆப்ஜெக்ட் உருவாகவே உருவாகாது.

அதைவிட எனக்குப் பிடித்தது 'ரோல்'. பருப்பு டின், கொட்டை மூட்டை, பலாப்பழம் மூன்றையும் எடை போடுகிறோம். அதற்காக மூன்றுக்கும் பொதுவாக ஒரு தாய் வகுப்பு கட்ட வேண்டியதில்லை. 'எடையுள்ளது' என்ற ரோலை எழுதி மூன்றிலும் சேர்க்கிறேன். மொத்த எடையையும் கழிக்க வேண்டிய எடையையும் சொல்லும் மெத்தட் வேண்டும் என்று ரோல் கேட்கும். அவை இல்லாத வகுப்பை ஏற்காது. டின்னுக்கு டின் எடை, மூட்டைக்குச் சாக்கு எடை, பலாவுக்குப் பூஜ்யம். நிகர எடைக் கணக்கு மட்டும் ஒரே இடத்தில்.

மூஸ் ஏற்றப்படச் சற்று நேரம் பிடிக்கும். சின்ன நிரல்களுக்கு அதன் இலகுவான தம்பி 'மூ' போதும். 2023-இல் வந்த பெர்ல் 5.38 'கிளாஸ்' வசதியைச் சோதனை முயற்சியாக மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. நல்ல தொடக்கம், ஆனால் அதில் ரோலும் இல்லை, மதிப்பின் வகையைச் சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. அதனால் நான் மூஸை விடவில்லை.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் காட்டுவது 'ஹேஸ்' வரிகளைத்தான். வியாபாரியைப் பக்கத்தில் உட்காரவைத்து அவற்றை வாசித்துக் காட்டலாம். விடுபட்ட தரத்தை அவரே எடுத்துச் சொல்லிவிடுவார்.