கால்வாயும் கிணறும்

கொல்லயில் ஊர்ப் பக்கம் ஒரு சேச்சி வீட்டுக் கிணத்தை எட்டிப் பார்த்தேன்.
கப்பியில புதுக் கயிறு. அடியில சேறு மட்டும் மினுங்குது.
முற்றத்துல காலிக் குடங்க வரிசையா, லாரித் தண்ணிக்காக.

"கால்வாயில தண்ணி ஓடினா கிணறும் ஊறும் மக்களே"ன்னாங்க.

உண்மைதான். கால்வாய்த் தண்ணி வயலுக்கு மட்டும் இல்ல. மண்ணுக்குள்ள இறங்கி அக்கம்பக்கத்துக் கிணத்தையும் நிறைக்கும்.

நெய்யாறு இடதுகரைக் கால்வாய் நெய்யாற்றின்கரை தாலூகா தாண்டி விளவங்கோடு வரைக்கும் போறது. 1956-ல போட்ட கேரளா-தமிழ்நாடு எல்லை அதுக்கு நடுவுல வருது. 2004-ல இருந்து தமிழ்நாட்டுப் பக்கம் தண்ணி வரல. 2012-ல இந்தத் தண்ணி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கே போயாச்சு.

வீட்டுக்குக் குழாய்த் தண்ணி தர்ற ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு. நல்லது, குழாய் வரட்டும்.
ஆனா குழாய்க்கும் தண்ணி எங்கிருந்தாவது வரணுமே!

கால்வாயைத் தூர்வாரணும், குளத்தைக் காக்கணும், கூரை மழையைக் கிணத்துல இறக்கணும். இதெல்லாம் நம்ம பஞ்சாயத்துலயே பேசித் தொடங்கக்கூடிய காரியம்.

அடுத்த கிராம சபையில இதைக் கேக்க எத்தனை பேர் வருவீங்க?