தொப்புளைச் சுற்றி 14 ஊசி

நாய்க்கடி என்ற பேச்சு எழுந்தாலே நம் வீட்டுப் பெரியவர்கள் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். 'தொப்புளைச் சுற்றி 14 ஊசி' என்பது அந்தத் தலைமுறை தன் அச்சத்துக்கு இட்ட பெயர். ஊசியின் வலி மட்டுமே அந்த அச்சத்துக்குக் காரணமன்று. ஊசி போட்டுக்கொண்டவர்களுள் சிலருக்குக் கைகால் விழுந்துபோயிற்று என்ற செய்தியும் கூடவே வந்தது. அதனைக் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. அது நடந்த உண்மை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் பாலசமுத்திரத்தில் மக்தபுக்கு வரும் 9 வயதுச் சிறுவனைத் தோப்பு வழியில் நாய் கடித்துவிட்டது. அவன் காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோதே அவனுடைய நன்னிமா ஓடிவந்துவிட்டார். "ஹஜ்ரத், ஊசி மட்டும் வேணாம். எந்தம்பி அந்த ஊசியாலதான் ஒரு வருசம் படுக்கையில கெடந்தான்" என்று கண்கலங்கினார். இப்போதைய ஊசி வேறு என்று எடுத்துச் சொல்லிப் பழனிக்கு அழைத்துச் சென்று ஊசி போட்டாயிற்று. ஆனால் வழியெல்லாம் அந்த அம்மையார் கேட்டுக்கொண்டே வந்தார்: "அப்ப இருந்தது என்ன? இப்ப மாறினது என்ன?" நியாயமான கேள்வி. தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்ற நான், அதற்காக மருத்துவ நூல்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

வெறிநாய்க்கடி நோய்க்கு முதல் தடுப்பு மருந்தைக் கண்டவர் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டர். 1885ஆம் ஆண்டு முயலின் முதுகுத்தண்டில் நோய்க்கிருமியை வளர்த்து, அதனை உலர்த்தி மருந்தாக்கினார். நம் நாட்டில் கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் என்னும் மருத்துவர், விலங்கின் மூளையில் கிருமியை வளர்த்து, கார்பாலிக் அமிலத்தால் அதனை மடியச் செய்து ஒரு மருந்தை 1911இல் அமைத்தார். நம் மாநிலத்தில் 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் உட்பட, இந்திய நிலையங்கள் பலவும் ஆட்டு மூளையிலிருந்தே பல்லாண்டுகள் தடுப்பூசி தயாரித்தன. மருந்தின் அளவு அதிகம். ஆகவே இடம் தாராளமாக உள்ள வயிற்றுத் தோலின் கீழ் நாள்தோறும் செலுத்தினார்கள். கடியின் கடுமைக்கேற்ப ஊசிகளின் எண்ணிக்கை மாறும். பலருக்கு அது 14.

இவ்வூசி காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். எனினும், சில நூறு பேரில் ஒருவர் முதல் சில ஆயிரம் பேரில் ஒருவர் வரை, ஊசி தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் கண்டு, கால்கள் உணர்விழந்து, சிறுநீர் அடைபட்டுப் படுத்தார்கள். சிலர் இறந்தும் போனார்கள். நாய்க்கடி நோயே வந்துவிட்டதோ என்று வீட்டார் அலறுவார்கள். மருத்துவர்களுக்கும் அந்த ஐயம் எழும்.

குற்றவாளி கிருமியா, மூளையா? நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் என்பவர் 1933இல் இதனைச் சோதித்தார். கிருமியே கலவாத நல்ல முயல் மூளையைக் கரைத்துக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியாகப் போட்டார். குரங்குகளுக்கும் வாதம் வந்தது. ஆகவே கிருமியின் மீது பழி இல்லை.

இங்கேதான் நம் உடலுக்குள் நடக்கும் ஓர் அதிசயத்தைச் சொல்ல வேண்டும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சிறு சுரப்பி இருக்கிறது. டி அணுக்கள் என்னும் இரத்த வெள்ளையணுக்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். உடலின் சொந்தப் புரதங்கள் அங்கே அவற்றுக்குக் காட்டப்படுகின்றன. சொந்தத்தைப் பகையென்று கருதிப் பாயும் அணு அங்கேயே அழிக்கப்படுகிறது. நுழைபவற்றுள் நூற்றில் ஐந்துக்கும் குறைவானவையே தேறி வெளியே வருகின்றன. இத்தனை கடுமையான தேர்வு எந்த மதரஸாவிலும் இல்லை! தன்னைத் தான் தாக்காத இந்தப் பண்பையே நோயெதிர்ப்புச் சகிப்புத்தன்மை என்கிறார்கள்.

அத்தனை கண்டிப்பிலும் சில அணுக்கள் தப்பிவிடுகின்றன. நரம்புகளைச் சுற்றி, மின்கம்பி மேலுள்ள உறைபோல மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அதன் புரதங்கள் சில தைமஸில் முழுமையாகக் காட்டப்படுவதில்லை. ஆதலால் மயலினைத் தாக்கவல்ல அணுக்கள் நலமாயிருப்பவர் இரத்தத்திலும் உலவுகின்றன. அவற்றை அடக்கிவைக்க இன்னொரு வகைக் காவல் அணுக்கள் உண்டு. அவற்றை 1995இல் இனங்காட்டிய ஜப்பானியர் ஷிமோன் சகாகுச்சிக்கும், இத்துறையில் உழைத்த அமெரிக்கர் இருவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆட்டின் மயலினும் மனிதனின் மயலினும் பெரிதும் ஒத்தவை. அதனை மடிந்த கிருமியோடு கலந்து நாள்தோறும் செலுத்தினால், உறங்கிக்கிடந்த அணுக்கள் 'பகைவன் வந்துவிட்டான்' என்று விழித்துக்கொள்கின்றன. கிருமியின் உடனிருப்பே அபாயச் சங்காக ஒலிக்கிறது. சிலரிடம் காவல் அணுக்களின் அடக்குமுறை அங்கே தோற்றுவிடுகிறது. விழித்தவை பெருகி, மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பைக் கடந்து, ஆட்டின் மயலினைத் தேடி மனிதனின் மயலினையே அரிக்கின்றன. உறை உரிந்த நரம்பில் செய்தி ஓடாது, கால் நகராது. தாய்லாந்தில் இவ்வாறு படுத்தவர்களின் உடலில் மயலின் புரதத்துக்கு எதிரான பொருள்கள் இருப்பதை 1987இல் வெளிவந்த ஆய்வு உறுதிசெய்தது. அந்த அம்மையாரின் தம்பிக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்க வேண்டும்.

அக்கால மருத்துவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டிவிட்டால் பெரும்பாலும் மரணமே முடிவு. கையில் இருந்தது அந்த ஊசி ஒன்றுதான். தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டினர் 1950களில் ஒரு நல்ல யுக்தி செய்தார்கள். பிறந்த சில நாள்களே ஆன எலிக்குஞ்சின் மூளையில் மயலின் மிகக் குறைவு. அதில் மருந்தைத் தயாரித்தார்கள். வாதம் பெரிதும் குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை.

மூளையையே விட்டுவிட்டு, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் அணுக்களில் கிருமியை வளர்க்கும் முறை வந்த பின்னரே தொல்லை தீர்ந்தது. இந்தியாவில் ஆட்டு மூளை ஊசியின் தயாரிப்பு 2004ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்தப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் போடப்படுவதில் மூளைத் திசு இல்லை. வயிற்றிலும் போடுவதில்லை. கடிபட்டவுடன் முதல் ஊசி. பின்னர் 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று இரு கைகளின் தோலுக்குள் சிறிதளவே செலுத்துகிறார்கள். தசையில் போடுவதானால் 14ஆம் நாளும் ஒன்று உண்டு. அதற்கு முன், மஞ்சளோ மிளகாய்ப்பொடியோ அப்பாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். இரத்தம் வரும்படி கடித்திருந்தால், காயத்தைச் சுற்றியே எதிர்ப்பு மருந்தொன்றும் செலுத்தப்படும். அதனையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.