மாரிக்கு முந்தின சிரமதானம்

5 ஒக்டோபர் 2025, ஞாயிறு

கச்சான் காற்று தணிந்துவிட்டது. திருகோணமலைக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் கடைசிக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டும். அதனால் இன்றைய எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு வடிகானையே முதல் விடயமாக எழுதி வைத்திருந்தேன். ஆனால் பேச்சு கமராவில் போய் நின்றது.

போன மாதம் ரியூசன் முடிந்து வந்த ஒரு பிள்ளையின் சங்கிலியைச் சந்தியில் வைத்து அறுத்துவிட்டார்கள். பின் ஒழுங்கையில் ஆளில்லாத ஒரு வீட்டில் ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறவர்கள் கூடுவதும் எல்லோருக்கும் தெரியும். இளைஞர்கள் கோபத்தோடு வந்திருந்தார்கள். சங்கத்தின் சேமிப்பை எடுத்துக் கமரா பூட்டவேண்டும் என்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒழுங்கையில் ஒரு தெருவிளக்குக்கூட எரியவில்லை. முதலில் வெளிச்சம் வரட்டும் என்றேன்.

மின்கம்பம் மின்சார சபையுடையது. அதில் எரியும் விளக்குக்குப் பொறுப்பு உள்ளூராட்சி மன்றம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அதிலிருந்து இந்த ஆண்டு மே 6ஆம் திகதித் தேர்தல் வரை வட்டாரத்துக்கென்று கேட்க ஓர் உறுப்பினர் இல்லை. இப்போது இருக்கிறார். கம்ப இலக்கங்களைக் குறித்து அவருக்குக் கடிதம் கொடுப்பதாக முடிவு. கமரா அடுத்த கூட்டத்துக்கு.

12 ஒக்டோபர், ஞாயிறு

காலையில் தலைவரும் நானும் வடிகானோடு நடந்தோம். எங்கள் ஒழுங்கை வடிகான் பிரதேச சபைக்கு. அது போய்ச் சேரும் நிலாவெளி வீதி வடிகான் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. இரண்டும் சந்திக்கும் மதகுதான் எங்கள் தலைவலி: மேலேயிருந்து வரும் கானை விட மதகின் வாய் ஒடுக்கம். மழைநீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. நாங்கள் தெரிந்துவைத்திருந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்று விளங்கும்.

திரும்பி வரும்போது உப்புவெளி யுத்த மயானத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டாம் உலகப் போரில் இறந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். எண்பது ஆண்டுக்குப் பிறகும் ஒரு புல் மிஞ்சி வளராமல் பார்க்கிறார்கள். அந்தப் பராமரிப்பில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒவ்வொரு நாளும் ஒருவர் வந்து செய்வதால்தான் அது நடக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் தெருவுக்கும் அந்தக் கவனிப்பு வேண்டும்.

19 ஒக்டோபர், ஞாயிறு

நாளை தீபாவளி. இருந்தும் சிரமதானத்துக்கு ஆட்கள் வந்தார்கள், மண்வெட்டி, கத்தி, ஒரு கைவண்டி எல்லாவற்றோடும். முன்பள்ளியடியில் பெரிய பானையில் தேத்தண்ணி. 1958இல் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குத் தன் மாணவர்களைக் கூட்டிப்போன ஆசிரியர் ஆரியரத்ன தொடக்கிவைத்தது இந்தச் சிரமதானம். பாடசாலையில் படிப்பித்த எனக்கு, ஓர் ஆசிரியரிடமிருந்து வந்த வேலை இது என்பதில் தனிப் பற்று உண்டு.

கானுக்குள் இருந்து வந்தவை: சொப்பிங் பைகள், யோகட் கப், ரயர், ஒரு முழு மெத்தை. பட்டினத்தில் கோட்டையடியிலும் கடற்கரையிலும் திரியும் புள்ளிமான்களின் வயிற்றுக்குள் போவதும் இதே பொலித்தீன்தான். எங்கள் ஒழுங்கையில் வீசினால் இங்கேயே கிடக்கும் என்று யாரும் எண்ணவேண்டாம்.

பெரிய சிக்கல் வெறுங்காணிகள். உரிமையாளர் கனடாவில், இலண்டனில். காணிக்குள் சிரட்டையும் பாழ்கிணறும். தேங்கிய நீரில் இட்ட முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். 2017இல் நாடு முழுவதும் 1,86,101 பேருக்கு டெங்கு என்று பதிவானது. அந்த ஆண்டு மார்ச்சில் இங்கே கிண்ணியாவில் நோய் பரவிப் பாடசாலைகளையே மூடினார்கள். அந்த மாதத்தை மறந்தவர் எங்கள் பக்கத்தில் இல்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், தன் காணியில் நுளம்பு பெருகாமல் பார்க்கும் கடமையை உரிமையாளர் மேல் வைக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) அறிவித்தல் ஒட்டுவார். அதற்கு முன் உறவினர் மூலம் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் பார்ப்போம் என்று பொருளாளர் முன்பே சொல்லியிருந்தார். இரண்டு காணிகள் அந்த அழைப்பிலேயே துப்புரவாகின. காசு வெளிநாட்டிலிருந்து வந்தது. வெட்டியது எங்கள் பிள்ளைகள்.

2 நவம்பர், ஞாயிறு

புயல் காலம். தனித்திருக்கும் முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் எந்தெந்த வீட்டில் என்று ஒரு பட்டியல் எடுக்கலாம் என்று கேட்டேன். கூட்டம் அப்படியே அடங்கிப்போனது. பின்வரிசையில் இருந்த ஐயா எழும்பினார்.

“டீச்சர், பேர் எழுதிக் குடுத்து நாங்கள் பட்டது காணும்.”

அவரோடு வாதாட எனக்கு மனம் வரவில்லை. யுத்த காலத்தில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் வீட்டில் இருப்பவர்களின் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருந்தது. இரவு தங்க வந்த மாமாவின் பெயர் அதில் இல்லை என்று அம்மா விடியுமட்டும் கண்மூடாமல் இருந்தார். ‘பாதுகாப்பு’ என்றால் துவக்கோடு வந்து படலையைத் தட்டுவது என்று பழகிய ஊர் இது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் வாழும் இந்த மாவட்டத்தில் ஒருவர் பட்டியல் எழுதினால் மற்றவர் நெஞ்சு இடிக்கும்.

வழி சொன்னது நாங்கள் தாத்தா என்று கூப்பிடும் மூலைக்கடை முஸ்லிம் அக்கா. அவரும் அவருடைய நானாவும் முப்பது வருடமாக எங்களுக்குக் கடனுக்கு அரிசி தருகிறவர்கள். “எழுத வேணாம் டீச்சர். வலப்பக்கத்து வீட்டையும் இடப்பக்கத்து வீட்டையும் ஒவ்வொருத்தரும் மனசுல வச்சிக்கிட்டாப் போதும்.” எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஐயாவும்தான்.

28 நவம்பர், வெள்ளி

டித்வா புயல். மையம் எங்களுக்குத் தெற்கே கிட்டத்தில் என்று காலைச் செய்தி. மின்சாரம் இல்லை. விடிய முன்னமே ஒழுங்கையின் பள்ளப் பக்கம் முழங்கால் தண்ணீர். கான் ஓடியது, நன்றாகவே ஓடியது. மதகடியில் முட்டித் திரும்பியது.

ஐயாவின் வலப்பக்கத்து வீட்டில் சிங்களப் பிள்ளை ஒன்று, ஏழு மாதக் கர்ப்பிணி. கணவன் வேலையாகக் கொழும்பில். ஐயாவும் நானாவும் அவளை மேட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். இன்சுலின் குப்பிகள் ஓய்வுபெற்ற தாதியின் வீட்டில் ஒரு முட்டியில், ஈரமணலுக்குள்.

ஒரு வீடு மட்டும் விடுபட்டுப்போனது. பின்பக்கத்தில் புதிதாக வாடகைக்கு வந்த இளம் குடும்பம், கைக்குழந்தையோடு விடியும்வரை கட்டிலின் மேல். அவர்களுடைய இருபக்கமும் வெறுங்காணி. யாருடைய மனதிலும் அவர்கள் இருக்கவில்லை.

7 டிசம்பர், ஞாயிறு

நாடு முழுவதும் இறந்தவர்கள் 600ஐத் தாண்டிவிட்டார்கள். மலைநாட்டில் மண் சரிந்து ஊர்களே போயின. மகாவலி பெருகி மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கமெல்லாம் வெள்ளம். எங்களுக்கு நடந்தது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. கூட்டத்தின் முதல் வேலையாக உலர் உணவு சேர்த்து மூதூருக்கு அனுப்பினோம்.

பிறகு வாடகைக் குடும்பங்களின் பேச்சு. சந்தா கட்டும் வீட்டுக்காரர்தான் உறுப்பினர் என்ற பழைய விதியை மாற்றவேண்டும் என்று நான் கேட்டேன். காணி உறுதி யாரிடம் இருக்கிறதோ அவரையல்ல, அந்த வீட்டில் யார் உறங்குகிறார்களோ அவர்களையே சங்கம் எண்ணவேண்டும். எதிர்த்தவர்களும் இருந்தார்கள், வாக்கெடுப்பில் விதி மாறியது. கட்டிலில் இருந்த அந்தத் தாய் இன்று முன்வரிசையில் இருந்தார்.

பின் ஒழுங்கையில் இரண்டு விளக்கு எரிகிறது. கமராவை இளைஞர்கள் மறுபடி கேட்டார்கள். சந்திக்கு மட்டும் ஒன்று, பதிவைப் பார்ப்பது யார் என்று எழுத்தில் முடிவானபின். தண்ணீர் வடிகிற இந்தக் கிழமைகளில்தான் நுளம்பு பெருகும், ஆகவே ஞாயிறுதோறும் கிணறும் தொட்டியும் பார்க்க வீட்டுக்கு ஒருவர். மதகுக்கு, தண்ணீர் ஏறிய மட்டத்தைச் சுவரில் கீறி வைத்திருக்கிறோம். பொறியியல் படிக்கும் பிள்ளை ஒருவர் கானையும் மதகையும் அளந்து வரைபடம் போடுகிறார். அதோடு பிரதேச சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை இரண்டுக்கும் ஒரே கடிதம், ஒரே நாளில், இரண்டுக்கும் மற்றதன் பிரதி இணைத்து. செவ்வாய்க்கிழமை நானும் அந்தத் தாயும் கொண்டுபோகிறோம்.