பானையை எடுத்துவிடுங்கள்

கூண்டின் தரையில் இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கும். சில நேரம் கால்களும் தளர்ந்திருக்கும். காஞ்சிபுரத்துத் தறி வீடுகளிலிருந்து ‘முட்டை சிக்கிக்கொண்டது’ என்று தூக்கிவரப்படும் லவ் பேர்ட்ஸ் பெரும்பாலும் இந்த நிலையில்தான் சிகிச்சை மேசைக்கு வருகின்றன. நேற்றுவரை நன்றாக இருந்ததாக வீட்டார் சொல்வது உண்மைதான், ஆனால் நோய் நேற்று வந்ததல்ல. கூண்டில் எப்போதும் தொங்கும் மண்பானை, இரவு வரை எரியும் விளக்கு, மாறாத தினைத் தீவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து பல மாதங்களாக அதை வளர்த்திருக்கின்றன.

வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்தால்தான் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அங்கே கூடு கட்டுகின்றன. வேனிலில் ஏரி வற்றக் கிளம்பிவிடுகின்றன. நாம் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கும் பட்ஜெரிகர் கிளிகளின் பூர்வீகமான ஆஸ்திரேலிய வறண்ட நிலத்திலும் மழை பெய்து புல் விதை பழுத்தால்தான் இனப்பெருக்கம்; மற்ற மாதங்களில் உடலுக்கு ஓய்வு. நம் கூண்டில் தானியம் தீர்வதில்லை, பகல் முடிவதில்லை, பொந்து போன்ற பானையும் பக்கத்திலேயே இருக்கிறது. இதுதான் முட்டையிடும் காலம் என்றே பறவையின் மூளை ஆண்டு முழுக்க நம்புகிறது. ஆண் துணை இல்லாத பெண்ணும் முட்டையிடும். முப்பத்தைந்து கிராம் அளவே எடையுள்ள உடல், ஒருநாள் விட்டு ஒருநாள் சுமார் இரண்டு கிராம் முட்டையாக நான்கு முதல் ஆறு வரை இட்டு, ஓய்வில்லாமல் அடுத்த சுற்றைத் தொடங்குகிறது. ஓட்டுக்கான கால்சியத்தை எலும்பிலிருந்தே எடுக்கிறது. தினையில் அது மிகக் குறைவு. கால்சியம் குறைந்தால் ஓடு மெலிவதோடு போவதில்லை, முட்டையை வெளியே தள்ள வேண்டிய தசையும் சுருங்க மறுக்கிறது. மென்மையான முட்டை, வலுவிழந்த தசை: சிக்கல் அங்கேதான்.

அப்படியென்றால் கடல்நுரை ஓடு கட்டினால் போதாதா என்பார்கள். கட்டத்தான் வேண்டும், முருங்கைக்கீரையும் நல்லது. ஆனால் கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு நேரடி வெயில் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தில் அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் இருக்காது. முட்டையிடுவதையே குறைக்காமல் கால்சியத்தை மட்டும் ஊட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான். இட்ட முட்டைகளை எடுத்துவிடுவது இன்னும் மோசம், இழப்பை ஈடுகட்டப் பறவை மேலும் இடும். மூன்று வாரம் அடைகாத்துத் தானே சலித்து விலகட்டும், பிறகு பானையோடு அகற்றுங்கள். இயற்கையைத் தடுப்பது கொடுமை இல்லையா என்ற கேள்வி அன்பிலிருந்து வருவதால் அதை மதிக்கிறேன். ஆனால் ஓய்வுக் காலமும் இயற்கைதான். அதைப் பறித்தது நாம். கோழி தினமும் இடுகிறதே என்பதும் பொருந்தாது. பல தலைமுறையாக முட்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்த்து, அதற்கேற்ற தீவனம் கொடுத்த இனம் அது. அந்தக் கோழிக்கும் முட்டை சிக்குவதுண்டு. தறி இரவிலும் ஓடும் வீட்டில் விளக்கை அணைக்க முடியாதென்றால், மாலையிலேயே கூண்டை உள்ளறைக்கு மாற்றி, காற்றோட்டம் விட்டுத் தடித்த துணியால் மூடலாம். வெளிச்சம் பத்து மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

சில நூறு ரூபாய்ப் பறவைக்கு அதைவிடப் பெரிய வைத்தியமா என்று தயங்குபவர்களுக்கு என் பதில்: பானையை எடுப்பதற்குச் செலவே இல்லை. சிக்கிவிட்ட பிறகுதான் எல்லாம் கடினம். விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அழுத்தாதீர்கள். முட்டை உள்ளே உடையும், முட்டைக்குழாய் வெளியே பிதுங்கும். பெட்டியில் இளஞ்சூடும் ஈரப்பதமும் கொடுத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உள்ளூரில் முடியாவிட்டால் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மறுநாள் காலைவரை பொறுக்கலாம் என்ற கணக்கு இந்தச் சின்ன உடம்புக்குப் பெரும்பாலும் ஒத்துவருவதில்லை.